என்னெண்டு எழுத?

மெல்பேர்ணில் ஒரு பெரிய ஆசுபத்திரியின் அனுமதி மேசையில், எழுபதுகளின் நடுவில், நானும், நான் அக்கா என்று கூப்பிடுகிற ஒருவரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து வேலை பார்த்தோம். வருகிற நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் அட்டை எழுத வேண்டும். பெயர், விலாசம், பிறந்த திகதி, சமயம், கிட்டிய உறவினர், கடைசியில் இனம். இனம் என்ற இடத்தில் மட்டும் எங்களுக்கு எழுத்து வேலை இல்லை. நாலு சொல் அச்சிலேயே இருந்தது: ஐரோப்பியர், அபொரிஜினல், ஆசியக்காரருக்கு ஏசியாட்டிக், மற்றவர். ஆளைக் கேட்டு மினக்கெட வேண்டாம், முகத்தைப் பார்த்து ஒன்றுக்குச் சரி போடுங்கள் என்று முதல் நாளே சொல்லித் தந்திருந்தார்கள். நானும் சமர்த்தாக முகத்தைப் பார்த்துச் சரி போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா கேட்பார். பேனையை அந்த நாலு சொல்லுக்கும் மேலே தூக்கிப் பிடித்தபடி, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஆளை நிமிர்ந்து பார்த்து, "இந்த இடத்தில் என்னவென்று எழுத?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கிரேக்கக் கிழவரையும் விடமாட்டார். அந்த மனிதர் வலியை மறந்து யோசிக்கத் தொடங்கிவிடுவார். கிரேக்கன் என்று போடு என்பார். பிறகு, இல்லை இல்லை, கிரீட் தீவுக்காரன் என்று போடு என்பார். அக்கா அடிமட்டம் வைத்து நாலு சொல்லையும் ஒரே கோட்டால் வெட்டிவிட்டு, ஆறுதலாக, உருண்டை எழுத்தில், கிரீட் தீவுக்காரன் என்று எழுதுவார். அதற்குள் வரிசை வாசல் வரை போய்விடும். வரிசையில் நிற்பவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள்.

"அக்கா, நீங்கள் எழுதி முடிக்க முதல் உந்தக் கிழவன் செத்துப்போவான்" என்று ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னேன்.

"செத்தாலும் தான் சொன்ன பேரோட சாகட்டும் பிள்ளை" என்றார்.

அவர் யாழ்ப்பாணத்து ஆள். லண்டனில் தாதிப் படிப்புப் படித்து, அங்கே பத்து வருசம் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டதால், இங்கே வந்தபோது வார்டை விட்டு மேசைக்கு வந்துவிட்டார். குளிரோ வெயிலோ சேலைதான். சேலைக்கு மேலே மண்ணிறக் கம்பளிச் சட்டை. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "கேட்டவன் ஒருத்தனும் என்னைக் கேக்கேல்லை, அப்பாவைத்தான் கேட்டவங்கள்" என்று பதில் சொல்வார். நோபல் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் தனியே இருந்தார். காலையில் தன்னுடைய பழைய பச்சைக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். கார் ஓடும்போது கதைப்பதென்றால் அவருக்கு நல்ல விருப்பம். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தால் இன்னும் மெதுவாக ஓடுவார்.

"லண்டனில கப்பல் ஏறேக்க நான் கலர்ட், நிறக்காரி" என்று ஒருநாள் சொன்னார். "இஞ்ச வந்து இறங்கேக்க ஏசியாட்டிக். நடுக்கடலில எந்த இடத்தில மாறினனான் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

இன்னொரு நாள் நியூ ஒஸ்ரேலியன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களை அப்போது மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். "நியூ எண்டால் நான் எப்ப பழசாவன்? முட்டைக்கும் பாலுக்கும் திகதி அடிச்சிருக்கிறான், எனக்கு அடிக்கேல்லையே" என்று சொல்லி, தானே சிரித்து, பச்சை விளக்கைத் தவறவிட்டார்.

எங்களுக்கு மேலே ஒரு பெரிய கிளார்க் இருந்தார். வழுக்கைத் தலை, சிவப்புப் பென்சில். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு எல்லாம் பெட்டிக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். இலங்கை பெயர் மாற்றிக்கொண்டதும் அக்காவின் வேலைப் பதிவில் சிலோனீஸ் என்றிருந்ததை வெட்டி ஸ்ரீலங்கன் என்று ரப்பர் முத்திரை குத்தியிருந்தார். அக்கா அதையும் வெட்டிவிட்டுத் தமிழ் என்று எழுதிக் கொடுத்தார்.

"அது ஒரு மொழி. இனம் இல்லை" என்றார் பெரிய கிளார்க்.

"அதை எனக்கு விட்டுவிடுங்கள்" என்றார் அக்கா. அவர் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உள்ளே போனார்.

டோரீன் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு உடைந்த கண்ணாடிக் குவளையால். இந்த மண்ணின் ஆதிக்குடியைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். ஆசுபத்திரி முழுவதும் தேநீர் வண்டி தள்ளுகிறவர். கையை வெட்டிக்கொண்டு துவாய் சுற்றியபடி எங்கள் மேசைக்கு வந்து நின்றார். ஊழியர் என்றாலும் அட்டை எழுத வேண்டும். அக்கா கடைசி இடத்துக்கு வந்து பேனையைத் தூக்கினார்.

"இந்த இடத்தில் என்னவென்று எழுத?"

டோரீன் அட்டையைத் தன் பக்கம் திருப்பி நாலு சொல்லையும் வாசித்தார். "அபொரிஜினல் என்பது அரசாங்கத்தின் சொல். அதை வெட்டிக் குறுக்கி வைத்திருக்கிறார்களே, அது குடிக்கடையின் சொல். என் அம்மாவின் தாளில் பாதிச் சாதி என்று எழுதி வைத்தார்கள். இத்தனை நாளில் ஒருவரும் கேட்டதில்லை. கூரி என்று எழுது. அது எங்கள் சொல்."

அக்கா நாலு சொல்லையும் வெட்டிக் கூரி என்று எழுதினார். மூன்றாம் நாள் அட்டை சிவப்புப் பென்சிலோடு திரும்பி வந்தது: பட்டியலில் இல்லை, திருத்தவும். அக்கா, அவரைக் கேட்டு எழுதியது என்று கீழே எழுதித் திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது. மறுபடி போனது. மூன்றாம் முறை அது வரவில்லை. கூரி என்றபடியே கோப்பு அலுமாரிக்குள் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அன்று காரில் அக்கா வாய்க்குள் பாடிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு டோரீனின் தேநீர் வண்டி எங்கள் மேசையடியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இரண்டு பேரும் சொற்களைப் பற்றிக் கதைப்பார்கள். தன்னுடைய மருமக்கள் இப்போது பிளாக் என்ற சொல்லைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நகரத்தில் ஊர்வலம் போகிறார்கள் என்று டோரீன் சொன்னார். தான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதே சொல்லை வீட்டில் சொன்னால் தாய் வாயில் அடிப்பாராம்.

"அப்படியென்றால் அடுத்த வருசம் நான் திரும்பவும் கேட்க வேண்டும்" என்றார் அக்கா.

"ஆமாம், கேள். எனக்கு மனம் மாறினால் சொல்கிறேன்" என்றார் டோரீன்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வந்திருக்கமாட்டேன். ஒருநாள் தேநீர் அறையில் மூன்று பேரும் இருந்தோம். டோரீன் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, சும்மா, விளையாட்டாகக் கேட்டார்.

"உங்கள் மொழியில் எங்களை என்ன சொல்வீர்கள்?"

நான் மேசைக்குக் கீழே அக்காவின் காலை உதைத்தேன். எங்கள் வீடுகளில் என்ன சொல்வோம் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்கூட நான் காரில் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தேன். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆதிக்குடி என்றிருக்கலாம், மண்ணின் மைந்தர் என்றிருக்கலாம். தமிழில் அழகான சொல்லுக்கா பஞ்சம்? டோரீன் எங்கே போய் அகராதி பார்க்கப் போகிறார்?

"காப்பிலி" என்றார் அக்கா.

டோரீன் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். என்ன அர்த்தம் என்று கேட்டார். அக்கா ஒளிக்கவில்லை. முன்னொரு காலத்தில் கப்பல்காரர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்து எங்கள் தீவுக்குக் கொண்டுவந்த மனிதர்களுக்கு வைத்த பெயர் அது என்றார். எங்கள் ஆட்கள் அதை எடுத்து, தங்களைவிடக் கறுப்பாக யாரைக் கண்டாலும், கண்டதாக நினைத்தாலும், இளக்காரமாகச் சொல்வார்கள் என்றார்.

"கறுப்பாகவா?" டோரீன் தன் முன்கையை அக்காவின் முன்கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். டோரீனின் கை இரண்டு பங்கு வெளுப்பு. அவர் சிரிக்கவில்லை. "நீயும் சொல்லியிருக்கிறாயா?"

"சொல்லியிருக்கிறேன். உன்னுடைய அட்டையை எழுதும் வரைக்கும்."

டோரீன் தேநீரைக் குடித்து முடித்தார், குவளையைக் கழுவிக் கவிழ்த்தார், போனார். ஒன்பது நாள் தேநீர் வண்டி எங்கள் மேசையைத் தாண்டி நிற்காமல் போனது. எனக்கு அக்காமேல் அடக்க முடியாத கோபம். உண்மை பேசி என்னத்தைக் கண்டீர்கள் என்று சத்தம் போட்டேன்.

"நான் ஊரெல்லாம் கேக்கிறன், என்னெண்டு எழுத, என்னெண்டு எழுத எண்டு. அவ ஒண்டு கேட்டா. அதுக்குப் பொய் சொன்னால் நான் என்ன மனுசி?"

பத்தாம் நாள் வண்டி நின்றது. டோரீன் இரண்டு தேநீரைத் தட்டென்று வைத்தார். ஒன்றில் வழக்கத்தைவிடச் சீனி கூட. "சரி. இனி உங்கள் மொழியில் என்ன சொல்வாய்?" அக்கா ஒரு தாளில் தமிழில் கூரி என்று எழுதிக் காட்டினார். டோரீன் அந்த வளைந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்கா தமிழிலும் அதைத்தான் சொன்னார். தமிழ் வீடுகளில் போய், அந்தச் சொல் காதில் விழுந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தவும் தொடங்கினார். ஆட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் "கூறி வாறா, என்ன கூறப்போறாவோ" என்று நக்கலடித்தார்கள். அதற்கு நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது எஞ்சினியர் அண்ணையைச் சொல்ல வேண்டும். தண்ணீர்ப் பம்பி செய்கிற தொழிற்சாலையில் பெரிய பதவி. எங்களில் அப்போது அந்தப் பக்கம் முப்பது குடும்பம்கூட இல்லை. வீடு எடுக்க, வேலை எடுக்க, எல்லாவற்றுக்கும் அவர்தான். என் கணவர் அவருக்குக் கீழே வரைபடப் பகுதியில் வேலை செய்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் எடுப்பதும் பேசுவதும் அவரே. அவருக்கு ஒரு குணம், மிஸ்டர் என்று கூப்பிட்டால் பிடிக்காது. எஞ்சினியர் என்று சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு அவரிடம் ஒரு காரியம் இருந்தது. அக்காவுக்கென்று உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு தம்பி. மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இலங்கையின் தெற்கில் ஒரு ஆலையில் இயந்திரம் திருத்துகிற வேலை. அங்கே நிலைமை சரியில்லை, எடுத்துவிடு அக்கா என்று கடிதத்துக்கு மேல் கடிதம். அக்கா ஸ்பொன்சர் செய்வதற்கு எல்லாத் தாளும் தயார். தம்பிக்கு இங்கே வேலை காத்திருக்கிறது என்று ஒரு கம்பனி எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் குறை. "பொங்கல் முடிய வாரும், கையெழுத்து வைச்சுத் தாறன்" என்று எஞ்சினியர் அண்ணை சொல்லியிருந்தார். அக்கா மூன்று மாதமாக அந்தப் பொங்கலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பொங்கல் இங்கே கொளுத்துகிற தை வெயிலில் வரும். நோபல் பார்க்கில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்கா டோரீனையும் கூட்டிக்கொண்டு வந்தார். டோரீன் நீலப் பூப்போட்ட சட்டையும் தொப்பியும் போட்டு, எங்கள் வரிசையில் அக்காவுக்கு மற்றப் பக்கத்தில் இருந்தார். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தைகள் தேவாரம் பாடி முடிந்ததும் எஞ்சினியர் அண்ணை மைக்கைப் பிடித்தார்.

அவர் பகிடியாகப் பேசக்கூடியவர். தான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்குப் போன கதையைச் சொன்னார். கடைக்காரன் தன்னைப் பார்த்த பார்வையே சரியில்லையாம். "பேந்துதான் விளங்கினது. எங்களையும் உந்தக் காப்பிலியள் எண்டு நினைச்சுப் போட்டான்! பட்டம் படிச்ச எஞ்சினியரைப் பார்த்து! நாங்கள் ஆர், அவையள் ஆர்?" சபை கொல்லென்று சிரித்தது. என் கணவரும் சிரித்தார்.

அக்கா கதிரையின் கையில் ஊன்றினார். எழும்பப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, தம்பியை நினையுங்கோ" என்று காதுக்குள் சொன்னேன். அவர் என் கையிலிருந்து தலைப்பை எடுத்துத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"அண்ணை, கடைசியாய்ச் சொன்னதை ஒருக்கால் திருப்பிச் சொல்லுங்கோ."

எஞ்சினியர் அண்ணை சிரித்தபடியே, "ஏன், கேக்கேல்லையோ?" என்றார்.

"எனக்குக் கேட்டது. எனக்குப் பக்கத்தில இருக்கிற இவ கூரி. இவவுக்கு விளங்கேல்லை. நீங்கள் மைக்கில சொல்லுங்கோ, நான் இங்கிலீசில சொல்லிக் குடுக்கிறன்."

எஞ்சினியர் அண்ணை மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"உதெல்லாம் பகிடிக்குச் சொல்லுறது. அவையளும் நாளுக்கொரு பேர் மாத்துவினம். நேற்று ஒண்டு, இண்டைக்கு ஒண்டு. நாங்கள் உதுகளுக்குப் பின்னால ஓடேலுமோ?"

"உங்களைப் பெடியனாய் இருக்கேக்க தம்பி எண்டினம். வேலைக்குப் போக மிஸ்டர் எண்டினம். இப்ப மிஸ்டர் எண்டால் முகம் கறுக்குது, எஞ்சினியர் எண்டு சொல்லவேணும். நாங்கள் முப்பது குடும்பமும் உங்களுக்குப் பின்னால ஓடேல்லையோ? உங்களுக்கு ஒரு நியாயம், இவவுக்கு ஒரு நியாயமோ? சொல்லுங்கோ அண்ணை, இவ காத்துக்கொண்டிருக்கிறா."

டோரீன் என்ன நடக்கிறதென்று விளங்கிக்கொண்டுவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேடையை நேரே பார்த்தார். அவருக்கு அந்தச் சொல் தெரியும். முதல் முறை எஞ்சினியர் அண்ணை சொன்னபோதே பிடித்திருப்பார். ஆனால் மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில், "தயவுசெய்து சொல்லுங்கள் ஐயா, கேட்க ஆவலாக இருக்கிறேன்" என்றார்.

எஞ்சினியர் அண்ணை மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அக்கா உட்காரவில்லை, சாப்பாடு பரிமாறும் வரைக்கும் நின்றார். பிறகு டோரீனோடு போய் வரிசையில் நின்று, பொங்கலும் வடையும் வாங்கி, இரண்டு பேரும் தனியே ஒரு மூலையில் இருந்து முழுவதையும் சாப்பிட்டார்கள். நான் அந்த மூலைக்குப் போகவில்லை. என் கணவரின் வேலையை நினைத்துப் பயந்தேன். அதை இத்தனை வருசம் கழித்து எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த கிழமை என் கணவர் வழியாகவே எஞ்சினியர் அண்ணையின் செய்தி வந்தது. சபையில் எழும்பி மன்னிப்புக் கேட்டால் கடிதம் தருவாராம். அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் எஞ்சினியர் அண்ணையின் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"நான் சபையில மன்னிப்புக் கேக்கிறன்" என்றார் அக்கா. "உங்கட மரியாதையைக் குறைச்சது பிழைதான். அதே சபையில நீங்கள் டோரீனிட்டைக் கேளுங்கோ. நான் முதல் கேக்கிறன். கடிதத்தைத் தாங்கோ அண்ணை, பிள்ளையள் ரெண்டு இருக்குது."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நாங்கள் குடிக்காமல் எழும்பினோம்.

அந்த வருசம் ஆவணியில் ஊரில் தமிழருக்கு எதிராகக் கலவரம் வந்தது. தம்பியின் வீட்டை எரித்துவிட்டார்கள். மனைவி பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒளிந்திருந்து, பிறகு கப்பலில் வடக்குக்குப் போய்ச் சேர்ந்தார் என்று தந்தி வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அதற்கு முதலே ஆளை எடுத்திருக்கலாம் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், அவர் முகத்துக்கு நேரே, காரில் வைத்து.

"ஓம், தெரியும்" என்றார் அக்கா. "அவனுக்கு எல்லாம் எழுதிப்போட்டன், என்னால்தான் எண்டு." தம்பியின் பதிலில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளின் உடம்பளவு மட்டும் எழுதியிருந்தார், உடுப்பு அனுப்பச் சொல்லி.

அந்த மாதங்களிலும் மேசையில் பேனையைத் தூக்கி, என்னவென்று எழுத என்று கேட்பதை அக்கா விடவில்லை. நான் விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். முன்னையைவிடப் பிடிவாதமாகக் கேட்டார். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், சாப்பாடு இறங்காமல், ஆனால் ஒரு ஆளையும் விடாமல் கேட்டார்.

கடைசியில் கடிதம் வந்தது நாங்கள் நினைக்காத இடத்திலிருந்து. பெரிய கிளார்க் ஒருநாள் மேசைக்கு வந்து, உன்னுடைய தம்பிக்குக் கொதிகலன் திருத்தத் தெரியுமா என்று கேட்டார். டோரீன் போய்ச் சொல்லியிருக்கிறார். ஆசுபத்திரியின் கொதிகலன் அறைக்கு ஆள் தேவைப்பட்டது. பெரிய கிளார்க் தாளைத் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். அதில் இனம் என்ற இடம் காலியாக இருந்தது. அக்கா அதைச் சுட்டிக் காட்டினார். "அவர் வந்து சொல்லட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு அந்த மனிதர் உள்ளே போனார். அக்கா அன்று கழிவறைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு வருசத்துக்கு மேல் இழுத்தது. அவர்கள் வந்த அன்று நானும் விமான நிலையத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு திறந்ததும், ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பிள்ளையுமாக மெலிந்த ஒரு மனிதர், கூட்டத்துக்கு மேலால் கத்தினார்.

"கறுப்பி! கறுப்பி அக்கா!"

எனக்கு யாரைக் கூப்பிடுகிறார் என்று முதலில் விளங்கவில்லை. அக்கா ஓடினார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். தம்பி அக்காவின் தலையைத் தடவித் தடவி, "என்ர கறுப்பி, கிழவியாய்ப் போனாயடி" என்றார். நானும் அழுதேன்.

பச்சைக் காருக்குள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு ஏறினோம். சின்னப் பிள்ளை என் மடியில். தம்பி முன்னால் இருந்து வாய் ஓயாமல் கதைத்தார். கறுப்பி, இதென்ன இவ்வளவு பெரிய ரோட்டு? கறுப்பி, உனக்குக் கார் ஓடத் தெரியுமெண்டு அம்மா கண்டிருந்தால்! ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கறுப்பி. பாதி வழியில் அக்கா காரை ஓரமாக நிற்பாட்டினார்.

"தம்பி, அந்தப் பேர் இனி வேண்டாம்."

"எந்தப் பேர்?" அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"கறுப்பி."

தம்பி சிரித்தார். "அது அம்மா வைச்சதெல்லோ. பிறந்த நாளில இருந்து செல்லமாய்க் கூப்பிடுறது."

"செல்லம்தான். உங்கள் எல்லாருக்கும் செல்லம்தான். ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, எல்லாம் அக்காவின் வாயால் என்று தெரிந்தும் ஒரு சொல் சொல்லாமல் வந்திருக்கிற மனிதன். வந்து இறங்கி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. இப்போதா இது? தம்பியின் மனைவி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். லொறிகள் எங்களை உரசுவதுபோல் போயின. தம்பி மெதுவாக, சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டார்.

"அப்ப, என்னெண்டு கூப்பிட?"

அக்கா இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, அனுமதி மேசையில் சொல்வதுபோல. தம்பி அந்தப் பெயரோடு அக்கா என்று சேர்த்து ஒருமுறை சொன்னார். வாயில் சரியாக வரவில்லை. திரும்பவும் சொன்னார். என் மடியில் இருந்த பிள்ளையும் சொல்லிப் பார்த்தது. அக்கா காரை எடுத்தார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று அவர் உயிரோடு இருந்த காலத்தில் நான் கேட்டு வைக்கவில்லை.